மஞ்சள் காருக்கு ஐந்து வாரமாக இன்சூரன்ஸ் ஆகாத காரணம்

வியாகுல மாதா துணை

திரேஸ்புரம்,
தூத்துக்குடி.
வியாழக்கிழமை

அன்புள்ள கொழுந்தன் ஆன்டனிக்கு உங்கள் மைனி பிளாரன்ஸ் எழுதுவது. இங்கே நான், வீடு, கோழிகள், கார் எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தையும் உங்கள் வீட்டுக்காரி சுஜிதாவின் சுகத்தையும் மாதாவிடம் விசாரித்திருக்கிறேன். அவள் பதில் சொல்வதற்குள் நீங்களே ஒரு வரி எழுதிப் போடவும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்த உடனே நீங்கள் கத்துகிறீர்கள். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீங்கள் சும்மா இருந்துதான் ஆக வேண்டும். அதற்குப் பிறகு கத்தினாலும் அது சென்னையோடு போய்விடும். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள், விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அண்ணன் இறந்து ஒன்பது மாதம் ஆகிவிட்டது, கார் தேதி முடிந்து இன்சூரன்ஸ் இல்லாமல் நிற்கிறது, முதலில் அதைப் போட்டு வையுங்கள் மைனி, மாதக் கடைசியில் நான் ஆளோடு வந்து விற்றுத் தருகிறேன் என்று நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் தம்பி, நான் அலைந்தது விற்பதற்கு இல்லை. காரில் இருக்கிற அந்த டிரைவர் சீட்டுக்காக. உங்களிடம் இதுவரைக்கும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. உங்கள் அண்ணன் தோணியை விற்று இந்த ஜெர்மன்காரன் பந்தயக் காரை வாங்கியபோது ஊரே சிரித்தது உங்களுக்குத் தெரியும். மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டிய மனிதர், அறுபத்தியொரு வயதில், வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் அதற்குள் நுழைவார். நாலு மாதம் ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நெஞ்சைப் பிடித்தவர்தான். இப்போதும் அவர் சாவியை வைத்துக்கொண்டு கதவைத் திறந்தால் டிரைவர் சீட்டு தானாகப் பின்னால் நகரும், கொஞ்சம் கீழே இறங்கும், அவர் முதுகுவலிக்குத் தக்கபடி இடுப்புப் பக்கம் உப்பும், ஸ்டியரிங் அவர் வயிற்றுக்கு வழிவிட்டு மேலே ஏறும், கண்ணாடிகள் இரண்டும் அவர் கண்ணுக்குத் திரும்பும். ஆள் இல்லை, ஆனால் ஆள் உட்காருவதற்கு எல்லாம் ஒதுங்கி நிற்கும். நான் தினமும் சாயங்காலம் ஜெபமாலை சொல்லிவிட்டு ஒரு தடவை கதவைத் திறந்து பார்ப்பேன். பிறகு மூடிவிட்டு உலை வைப்பேன். இதற்குத்தான் இன்சூரன்ஸ்.

முதல் வாரம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள், நல்ல பிள்ளை. எஞ்சின் நம்பரைப் பார்த்துச் சொல்லுங்கள் மேடம் என்றாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே போய் முன்பக்கத்து மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு நங்கூரம் இருந்தது, பத்து பாகம் நீளத்துக்குக் கயிறு இருந்தது, உங்கள் அண்ணன் சர்க்கரை வியாதியோடு எனக்குத் தெரியாமல் வாங்கி ஒளித்து வைத்த ஒரு பொட்டலம் மக்ரூன் இருந்தது, எறும்பு இருந்தது. எஞ்சின் இல்லை.

“தாயி, எஞ்சினக் காணும்.”

“காணும்னா? திருடு போயிருச்சா மேடம்?”

“இத்தன நாளு நான் தொறந்தே பாக்கலம்மா. அவுக போனதுலருந்து...” என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழாதீங்க மேடம், நான் பதிஞ்சுக்கிறேன்” என்றாள் அந்தப் பிள்ளை. அவளும் அழுத மாதிரிதான் இருந்தது.

நான் தெருவுக்கு ஓடி, விசைப்படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிற ராஜதுரையைக் கையோடு இழுத்து வந்தேன். அவன் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவன், அதனால் மரியாதை கிடையாது. முன்னால் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“ஏளா, முப்பத்தஞ்சு வருசம் தோணிக்காரங்கூட குடும்பம் நடத்திருக்க. தோணிக்கு எஞ்சின் எங்கன இருக்கும்?”

“பின்னால.”

“பெறவு இதுக்கு மட்டும் முன்னால என்னத்துக்குத் தேடுத?”

பின்னால் திறந்தான். பூதம் மாதிரி உட்கார்ந்திருந்தது. கார் செய்தவன் நம் கடற்கரைக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் செய்திருக்கிறான் என்று ராஜதுரை சொன்னான். ஆனால் அதற்குள் கம்பெனிக் கம்ப்யூட்டரில் இந்த வண்டிக்கு எஞ்சின் இல்லை என்று ஏறிவிட்டது. எஞ்சின் இல்லாத வண்டிக்கு அது இன்சூரன்ஸ் போடாதாம். இரண்டு வாரம் நான் போனில் எஞ்சின் இருக்கிறது இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் காரை ஸ்டார்ட் பண்ணி போனை அதன் பக்கத்தில் பிடித்தேன். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் ஏஜென்ட் பேச்சிராஜா அண்ணாச்சியைப் பிடித்தேன். அவர் இதுவரைக்கும் லாரிக்கும் மாட்டுக்கும்தான் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார், பந்தயக் கார் இதுதான் முதல். வந்ததும் காரைச் சுற்றி மூன்று தடவை நடந்து, பல்லைப் பார்க்க இடம் தேடுகிற மாதிரி குனிந்து பார்த்தார். பிறகு, “அக்கா, ஆபீஸ்லருந்து ஆள் வந்து வண்டியப் பாத்து எழுதணும். அதுக்கு மின்ன, கம்பெனியிலயே போட்டு வந்த சாமான் என்னென்ன, வெளிய மாட்டுனது என்னென்னன்னு தனித்தனியா எழுதிக் குடுக்கணும். ஒண்ண விட்டாலும் நாளைக்கு அதுக்கு ஒண்ணும் தர மாட்டாவ” என்றார். வண்டி வாங்கும்போது கொடுத்த தாளை எடுத்து வந்தேன். இருபத்து மூன்று வரி இருந்தது. தம்பி, நம்பவே முடியவில்லை. பிரேக்குக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருப்பது தனிச் சாமானாம். சீட் பெல்ட் மஞ்சளாக இருப்பதும் தனியாம். கதவைத் திறந்தால் தரையில் வெளிச்சம் விழுவது, வேகத்தடை வந்தால் மூக்கைத் தூக்கிக்கொள்வது எல்லாம் கேட்டு வாங்க வேண்டுமாம். சக்கரமாவது சேர்த்துத் தருகிறார்களா என்று கேட்டேன். அண்ணாச்சி தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதிலும் பெரிய சக்கரத்துக்குத் தனி என்றார். பதினேழாவது வரி சத்தத்தைக் கூட்டுகிற பட்டன். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, ஸ்டார்ட் பண்ணி வெளியிலிருந்தே கையை நீட்டி அமுக்கினார். கோழிகள் மூன்று நாள் முட்டை இடவில்லை. பக்கத்து வீட்டு ஜெயபாய் அக்கா கையில் அகப்பையோடு ஓடிவந்து, “துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாவளா?” என்று கேட்டாள்.

வெளியே மாட்டினது என்று பார்த்தால் எல்லாம் உங்கள் அண்ணன் வேலை. பின்னால் இறக்கை மாதிரி நிற்கிறதே, அதில் தோணிக்கு எழுதுகிற மாதிரி ‘வியாகுல மாதா’ என்று நீலப் பெயிண்டில் பெயர் எழுதியிருக்கிறார். உள்ளே மாதா சுரூபத்தை, படகு ஓட்டை அடைக்கிற பசையைப் போட்டு ஒட்டியிருக்கிறார், இனி அது உலகம் முடிகிற அன்றைக்குத்தான் வரும். நங்கூரத்தைப் பார்த்ததும் அண்ணாச்சி பேனாவை மூடிவிட்டார்.

“இது என்னத்துக்குக்கா?”

“கை பிரேக்கு பட்டன்ல இருக்குல்லா, அவுகளுக்கு நம்பிக்க இல்ல. மேட்டுல நிப்பாட்டுனா இதத்தான் போடுவாக.”

“தரையிலயா?”

“பக்கத்துல நிக்க வண்டியில.”

அண்ணாச்சி பேனாவை மறுபடியும் திறந்தார். பிறகு ‘திருட்டுத் தடுப்புக் கருவி, ஒன்று, இரும்பு’ என்று எழுதினார். அதற்குக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டாம்.

சர்வேயர் திங்கள்கிழமை வருகிறார் என்று தகவல் வந்தது. உப்புக்காற்றில் வண்டி மங்கிப் போயிருந்தது, வருகிறவர் என்ன நினைப்பார், புருஷன் போன வீட்டில் ஒன்றுமே பார்ப்பதில்லை என்றுதானே நினைப்பார். இதற்கு மேலே கத்தக் கூடாது தம்பி. நம் வீட்டில் தோணிப் பலகைக்கு என்ன பூசுவோம்? மீன் எண்ணெய். ஷெட்டில் ஒரு டின் மிச்சம் இருந்தது. ஞாயிறு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து கூரையிலிருந்து சக்கரம் வரைக்கும் இரண்டு கை பூசினேன். பார்க்க முகூர்த்தப் பெண் மாதிரி மின்னியது. காலையில் சர்வேயர் தேவபிரசாதம் சார் வந்தபோது காரைக் காணவில்லை. பூனைகள்தான் இருந்தன. திரேஸ்புரத்தில் இத்தனை பூனை இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். நானும் ஜெயபாய் அக்காவும் விளக்குமாற்றால் தள்ளத் தள்ள அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கார் வந்தது. சார் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார்.

“அம்மா, இந்தக் கீறலெல்லாம் பழசா, புதுசா?”

“இப்பம் விழுதே, இதெல்லாம் புதுசு.”

நாலு பக்கமும் போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும், போட்டோவில் வேறு ஒன்றும் இருக்கக் கூடாது. ஒரு பக்கம் துரத்தினால் மறுபக்கம் ஏறுகிறது. கடைசியில் ஜெயபாய் அக்கா தன் வீட்டுக் குழம்புக்கு வைத்திருந்த சாளை மீனைத் தெருக்கோடியில் கொண்டுபோய்க் கொட்டினாள், அந்த இரண்டு நிமிஷத்தில் சார் ஓடி ஓடி எடுத்தார். அவள் வீட்டில் அன்றைக்கு ரசம்தான்.

அதற்குப் பிறகு இருபத்து மூன்று வரியையும் ஒவ்வொன்றாகப் பார்த்து வேலை செய்கிறது, வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தவர் சீட்டுக்கு வந்தார். உள்ளே ஏறப் போனார். நான் குறுக்கே நின்றுவிட்டேன்.

“இதுல யாரும் உக்காரக் கூடாது சார்.”

“உக்காராம எப்படிம்மா எழுதுறது?”

“உக்காந்து பாத்து எழுதுற சீட்டு இல்ல இது. நின்னு பாருங்க.”

சாவியோடு கதவை மூடித் திறந்து காட்டினேன். சீட்டு பின்னால் போனது, இறங்கியது, இடுப்பில் உப்பியது, ஸ்டியரிங் ஏறியது, கண்ணாடி திரும்பியது. சார் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டார், அந்த நாற்றத்திலும்.

“உயரமான ஆளோ?”

“ஆமா. வயிறும் உண்டு.”

‘வேலை செய்கிறது’ என்று எழுதினார். நான் கேட்டேன், இது போய்விட்டால் கம்பெனி என்ன தரும் என்று. புதுச் சீட்டே தருவார்கள் என்றார். அந்தச் சீட்டுக்கு அவரைத் தெரியுமா என்று கேட்டேன். சார் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார், அதில் என்ன இருக்கப் போகிறது. “அதுக்கு இன்சூரன்ஸ் கெடையாதும்மா. நீங்கதான் பாத்துக்கணும்” என்றார்.

ஆக, நேற்று இன்சூரன்ஸ் வந்துவிட்டது. எஞ்சினையும் கம்ப்யூட்டரில் திரும்ப ஏற்றிவிட்டார்கள். ஆகையால் நீங்கள் மாதக் கடைசியில் ஆளைக் கூட்டி வர வேண்டாம். என் மூச்சு இருக்கும்வரைக்கும் அந்தச் சீட்டில் ஒருவர் உட்காரக் கூடாது, ஒரு விரல் நகரக் கூடாது. இதில் பேச்சே இல்லை. உங்கள் முழங்கால் வலிக்கும் சுஜிதாவின் கோபத்துக்கும் மாதா சுகம் கொடுப்பாளாக. எல்லாருக்கும் என் தோத்திரமும் ஆசீரும். இப்படிக்கு,

உங்கள் மைனி,
பிளாரன்ஸ் பர்னபாஸ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டு மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். தபாலுக்குக் கிளம்பும்போது தண்ணீர் லாரி வந்தது. ஜெயபாய் அக்கா வீட்டுத் தொட்டிக்குப் போக நம் கார் வழியை மறித்து நின்றது. ராஜதுரை ஊரில் இல்லை. லாரிக்காரன் ஆரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. “எக்கா, எடுக்கியளா, நான் இங்கனயே தண்ணியத் தொறந்துவுட்டுட்டுப் போவவா?” என்கிறான். பத்தடி தூரம்தானே, அவர் ஓட்டும்போது பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேனே என்று ஏறிவிட்டேன். அவர் இடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கால் எட்டவில்லை, கூரை மட்டும் தெரிகிறது. பக்கத்துப் பட்டனை அமுக்கிச் சீட்டை முன்னால் இழுத்து மேலே ஏற்றினேன். திரையில் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. திரையில் எது கேட்டாலும் சரி என்று அமுக்கித்தானே நமக்குப் பழக்கம், அமுக்கினேன். வண்டி உறுமிக்கொண்டு பத்தடி போனது, நானும் ஏசுவே என்று கத்திக்கொண்டே போனேன், லாரிக்காரன் லாரி மேல் ஏறிவிட்டான். நிறுத்தி, இறங்கி, மூடித் திறந்து பார்க்கிறேன், சீட்டு முன்னால் வந்து என் உயரத்துக்கு நிற்கிறது. பேச்சிராஜா அண்ணாச்சி வந்து எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, “பழசு அழிஞ்சிட்டுக்கா” என்றார்.

வாசல்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். ஜெயபாய் அக்கா குடத்தை இறக்கிவிட்டு வந்து நின்றாள். “ஏளா, போதும், எந்திரி. முப்பத்தஞ்சு வருசம் அந்த மனுசன் போன பக்கமெல்லாம் நீ பக்கத்துல உக்காந்து போன. இனிம நீ ஓட்டு, அவுக ஒம் பக்கத்துல உக்காந்து வரட்டும். குத்தம் சொல்ல வாய் இருக்காதுல்லா” என்றாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அதனால் தம்பி, மேலே எழுதின காரணம் ஒன்றும் இப்போது இல்லை. ஆனாலும் விற்க வேண்டாம். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன், வருகிற திங்கள்கிழமையிலிருந்து வகுப்பு. லைசென்ஸ் கைக்கு வந்ததும் சொல்கிறேன், அப்போது முத்துநகர் ரயிலில் வாருங்கள், நானே ஸ்டேஷனுக்கு வருவேன். ஆனால் இந்த வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம், பக்கத்துச் சீட்டு உங்கள் அண்ணனுக்கு. நீங்கள் ஒரு ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வந்துவிடுங்கள்.