இருபத்து நான்கு குதிரைவலுவும் இரண்டு ஜன்னலும்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமிக்கும் அவள் புருஷன் அழகனுக்கும் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே அரை ஏக்கர் மரக்கறிக் காணி சொந்தமானது. ஆன ஒரே மாதத்தில் அரசாங்கம் அவர்களைத் தேடி வந்தது. லயத்துக் கூரையை மாற்றச் சொல்லிப் பதினோரு வருஷமாக மனுக் கொடுக்கிறார்கள். அதற்கு வராத அரசாங்கம், யாரும் கேட்காத ட்ராக்டரைத் தூக்கிக்கொண்டு ஓடோடி வந்தது. 'மலைநாட்டுச் சிறுநில இயந்திரமயமாக்கல் விசேட செயற்றிட்டம்' என்று அதற்குப் பெயர். அதை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் உத்தியோகத்தர் நிரோஷன் ஒருவர்தான்.

அவர் காரியாலய மேசையில் மூன்று ட்ராக்டர் படங்களைப் பரப்பினார். பதினொன்று, பதினெட்டு, இருபத்து நான்கு குதிரைவலு.

"அரை ஏக்கருக்கு எதுங்கய்யா தோது? சரிவுல சாயாம ஏறணும், ஓரத்துல திரும்பணும்" என்றாள் நாகலெட்சுமி. இரண்டு நாளாக யோசித்து வைத்த கேள்வி.

"அதெல்லாம் சுற்றுநிருபத்துல இல்லீங்க. கொட்டகை அளவுதான் இருக்கு. கொட்டகையும் நாங்களே கட்டித் தருவோம். சின்னதுக்கு நாலு தூணும் தகரமும். நடுத்தரத்துக்கு மூணு சுவரு. பெருசுக்கு நாலு சுவரு, சீமெந்துத் தரை, ரெண்டு ஜன்னல், கரண்டு, தண்ணிக் குழாய்."

"ஜன்னல் எதுக்குங்க?"

"இயந்திரத்துக்குக் காத்தோட்டம் வேணும்."

"கரண்டு?"

"பெட்டரி சார்ஜ் பண்ண."

"குழாயி?"

"தெனம் கழுவணும்ல?"

நாகலெட்சுமிக்கு மகள் சுலக்ஷனாவின் நினைப்பு வந்தது. ஏழு வயதுப் பிள்ளை. மழை தொடங்கினால் லயத்துச் சுவரில் பாசி, பிள்ளைக்கு மூச்சு இழுப்பு. ஈரமில்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பார் டொக்டர். மருந்து கிடைத்தது. ஈரமில்லாத இடம் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கவில்லை.

"பெருசே குடுங்கய்யா."

"உங்க காணிக்குள்ள அது திரும்பாதே!"

"திரும்ப வேணாங்க. நின்னாப் போதும்."

நிரோஷன் மகிழ்ந்து போனார். இவ்வளவு தெளிவான பயனாளியை அவர் கண்டதில்லை.

கொட்டகை இரண்டே மாதத்தில் எழுந்தது. ட்ராக்டரும் வந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, அழகன் லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பின் அரைச்சுவரை இடித்து ட்ராக்டரை அங்கே ஏற்றினான். குடும்பம் பாய் தலையணையோடு கொட்டகைக்குப் போனது. சுலக்ஷனா விடிய விடிய இழுக்காமல் தூங்கினாள். நாகலெட்சுமி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து அழுதாள்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ட்ராக்டரின் மூக்கு தன் இஸ்தோப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதிப்போட்டாள். நிரோஷன் குடையும் அளவு நாடாவுமாக வந்து சேர்ந்தார். வெளியே பெருமழை, லயத்துக்குள்ளும் ஓரளவு நல்ல மழை. ட்ராக்டர் சீட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"ஐயையோ, துருப்பிடிச்சிருமே!" என்று பதறித் தன் குடையை ட்ராக்டருக்குப் பிடித்தார். நனைந்தபடியே அறிக்கை எழுதினார். 'கூரை ஒழுகுகிறது. சுவர் ஈரம். காற்றோட்டம் அறவே இல்லை. இவ்விடம் இயந்திரம் தங்குவதற்குத் தகுதியற்றது. இயந்திரத்தை உடனடியாகக் கொட்டகைக்கும், பயனாளியை இவ்விடத்துக்கும் மாற்றுக.'

"இருவது வருசமா நாங்க இதுக்குள்ளதானேங்க இருந்தோம்?"

"உங்களுக்குத் துருப்பிடிக்காதேம்மா."

நாகலெட்சுமிக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குடையைப் பிடுங்கி எறிந்திருப்பாள். பிள்ளையை நினைத்து அடக்கிக்கொண்டாள். "ஐயா, புள்ளைக்கு இழுப்புங்க. ஏதாச்சும் வழி பாருங்க."

நிரோஷன் கெட்டவர் இல்லை. சுற்றுநிருபத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மனிதர் தங்குவது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பன்னிரண்டாம் பிரிவில் முகம் மலர்ந்தார். ட்ராக்டரோடு கலப்பை, டிரெயிலர் போன்ற அதன் துணை உபகரணங்களையும் கொட்டகையில் வைக்கலாம்.

அங்கேயே படிவம் நிரப்பினார். 'துணை உபகரணங்கள்: மூன்று. அழகன், பாவித்தது, ஓடும் நிலை. நாகலெட்சுமி, பாவித்தது, ஓடும் நிலை. சுலக்ஷனா, புதியது, சிறு திருத்தவேலை உண்டு.'

கையெழுத்துப் போடும்போது நாகலெட்சுமிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் போட்டாள். அன்று மாலையே ட்ராக்டரும் அதன் உபகரணங்களும் ஒரே கூரையின் கீழ் குடியேறினார்கள்.

லயமே சிரித்தது. 'ஏய் கலப்பை!' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தவள் பேச்சியம்மா.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் அவளே நாகலெட்சுமியை ஓரமாக இழுத்து நிறுத்தினாள்.

"லெச்சுமி, அந்த ஐயா எந்த நாளு ஆபீசுல இருப்பாரு? நாங்களும் பெருசே கேக்கப் போறோம், எங்க வூட்டுல ஆறு பேரு. கலப்பைன்னு எழுதச் சொல்லவா, டிரெயிலருன்னு எழுதச் சொல்லவா?"

நாகலெட்சுமி சிரிக்கவில்லை. வெகு அக்கறையாக யோசித்தாள்.

"டிரெயிலருன்னே எழுதச் சொல்லுங்கக்கா. கலப்பைய மழையில விட்டாலும் பரவாயில்லைன்னு சட்டத்துல இருக்கு."