ஆழம் பார்க்கும் பெட்டி

இந்த வருஷம் கிம்ச்சி ஊறுகாய் போடுகிற சனிக்கிழமையன்று தரையிலேயே இருப்பதில்லை என்று பியோ மான்சொக் தீர்மானித்துவிட்டார்.

மனைவியின் அக்கா கும்ரேயின் வீடு ஹான்சான் தீவில். வருஷா வருஷம் நூற்றைம்பது முட்டைக்கோஸ். போன வருஷம் உப்புத் தண்ணீர்த் தொட்டி முன்னால் குனிந்தவர் நிமிர ஒன்பது நாள் ஆயிற்று. நிமிர்ந்ததும் எதிரில் மனைவி ஓக்பூன் நின்றாள். மறுபடி குனிந்துகொண்டார்.

சாக்குக்குப் பஞ்சமில்லை. தோங்யோங் துறையில் அவருடைய பாய்மரப் படகு நின்றது. அதில் ஆழம் பார்க்க ஒரு கருவி, காற்றைப் பார்க்க ஒன்று, இருக்கும் இடத்தைச் சொல்ல ஒன்று, சுக்கானைத் தானே பிடித்து ஓட்ட ஒன்று. நாலும் ஒரே வீட்டு ஓரகத்திகள் மாதிரி, ஒன்றோடு ஒன்று பேச்சுவார்த்தை கிடையாது. அவற்றைச் சேர்த்துவைக்க ஒரு பெட்டி வாங்கினார்.

"இதுக்குப் பேரு?" என்றாள் ஓக்பூன்.

"மல்டிபிளெக்ஸர்."

"சினிமா தியேட்டரா?"

"ஐயோ, இல்ல! நாலு கருவி சொல்றதையும் வாங்கி, வயரே இல்லாம என் டேப்லெட்டுக்கு ஒரே வாயால சொல்ற பெட்டி."

"நாலு பேரு சொல்றதை ஒரே வாயால சொல்றதுக்கு இந்த வீட்டுல நான் இருக்கேனே."

"சனிக்கிழமை யோக்ஜி தீவு வரைக்கும் ஓட்டிச் சோதிச்சே ஆகணும். கிம்ச்சிக்கு வர முடியாம போச்சேன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது."

"அடிச்சுக்கட்டும். நானும் வர்றேன்."

பியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ அங்க கிம்ச்சி?"

"அக்கா பாத்துக்குவா. புருஷனைத் தனியா கடலுக்கு அனுப்பிட்டு எனக்கு முட்டைக்கோஸ் ஒரு கேடா?"

முப்பத்தொரு வருஷத்தில் அவள் இப்படிப் பேசியதேயில்லை. அவருக்குக் கண் கலங்கியது. தூண்டிலை மட்டும் ஒளித்து எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை. காற்று சுகமாக வீசியது. பியோ யோக்ஜி தீவை டேப்லெட்டில் தொட்டார். படகு தானே தெற்கே திரும்பியது. அவர் மெத்தையில் சாய்ந்துகொண்டார். ஓக்பூன் கேபினுக்குள் பூண்டு உரிக்க உட்கார்ந்தாள்.

"கடல்லயும் பூண்டா?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குது. தோல் போட ஏதாவது காகிதம் இருக்கா?"

"அந்தப் பெட்டியோட வந்த புத்தகத்தை எடுத்துக்கோ. அதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கணும்னு எனக்கு அவசியமில்ல."

உள்ளே காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"ஏங்க, ஆழம் எவ்வளவு?"

"பதினெட்டு மீட்டர். உக்காந்த எடத்துலயே ஆழம் பாத்துட்டேன், பாத்தியா?"

"நானும் உக்காந்த எடத்துலதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அப்போது படகு மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. பியோ எண்களைப் பார்த்தார். இருநூறு பாகையில் நின்ற திசை நூற்றுமுப்பதுக்கு இறங்கியிருந்தது.

"என்னங்க, திரும்புதே?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கில்லை. "நீரோட்டம்! அதைக் கணக்குப் பண்ணி ஒதுங்குது. மனுஷ மூளைக்கு எட்டாது."

"எட்டாதுதான்."

கொஞ்ச தூரத்தில் சிப்பி வளர்க்கிற மிதவைகள் வந்தன. படகு அவற்றை அழகாகச் சுற்றிக்கொண்டு போனது.

"மிதவையைக்கூடப் பாத்துப் போகுது!" என்று பியோ தொடையைத் தட்டினார். "இப்படி ஒரு புத்தி உனக்கு இருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்!"

"எங்க போயிருப்பீங்கன்னு தெரியும்."

அடுத்து வந்தது அலைதடுப்புச் சுவர். அதன் மேல் ஓக்பூனின் அக்கா கும்ரே, முட்டி வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தாள்.

பியோ எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். ஓக்பூன் கையில் போனுடன் படியேறி வந்தாள்.

"அந்தப் பெட்டி கருவிங்க பேசுறதை வெளிய சொல்றது மட்டுமில்லீங்களாம். போன்லேருந்து நாம சொல்றதையும் சுக்கானுக்குக் கொண்டுபோய்ச் சொல்லுமாம். நாலாம் பக்கத்துல போட்டிருக்கு. பாஸ்வேர்டு முதல் பக்கத்துல. நீங்க அதை மாத்தவே இல்ல."

"அப்போ... நீரோட்டம்?"

"நான்தான்."

கரையில் கும்ரேயோடு பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். "மச்சான்! படகு ஓட்டிக்கிட்டு நீங்களாவே வந்துட்டீங்களா?" என்றாள் அவர்களில் ஒருத்தி.

பியோ ஒரு நொடி யோசித்தார். பெண்டாட்டி பூண்டு உரித்துக்கொண்டே தன்னைக் கடத்தி வந்தாள் என்று இத்தனை பேர் முன்னால் சொல்வதா? நெஞ்சை நிமிர்த்தினார்.

"பின்னே? கிம்ச்சின்னா நான் இல்லாமலா? உங்களுக்கெல்லாம் ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லாம வந்தேன்!"

பெண்கள் கை தட்டினார்கள். ஓக்பூனும் தட்டினாள், எல்லோரையும்விடப் பலமாக.

கும்ரே ஒரு ஜோடி ரப்பர் கையுறையை நீட்டினாள். புத்தம் புதுசு. ஓக்பூன் போன வாரமே அனுப்பிவைத்தது. கச்சிதமாக அவர் கை அளவு.