பதிலாள் வழங்கியும் உப்பு லாரிப் பயணமும்

எப்பொருளுக்கும் தமிழில் பெயர் சூட்டிவிட்டால் அப்பொருளையே அறிந்துவிட்டதாகக் கருதும் நோய் எனக்கு உண்டு. ஈராயிரத்து ஐந்தாம் ஆண்டு, மரக்காணத்துப் பள்ளியொன்றில் நான் தமிழாசிரியன். பிறர் 'ப்ராக்ஸி சர்வர்' என்றதற்குப் 'பதிலாள் வழங்கி' என்று பெயரிட்டேன். மறுநாளே கணினி அறைக்கு என்னைப் பொறுப்பாளனாக்கிவிட்டார்கள். (வாயை மூடிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.)

அங்கே ஒரே தொலைபேசி இணைப்பைப் பத்துக் கணினிகள் பகிர்ந்துகொண்டன. ஒருவர் பார்த்த இணையப் பக்கத்தை வழங்கி படியெடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்தவர் கேட்டால் அந்தப் படியையே கொடுக்கும். ஆயினும் ஒரு பக்கம் திறப்பதற்குள் மாணவர் உறங்கிவிட்டனர். வழங்கியின் பதிவேட்டை ஆராய்ந்து குற்றவாளியைக் கண்டேன்: படியைக் கொடுக்குமுன், மூலப் பக்கம் மாறிவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் வழங்கி வெளியே விசாரித்துக்கொண்டிருந்தது. நானோ உப்பளக்காரர் வீட்டுப் பிள்ளை. குவித்து ஓலை வேய்ந்த உப்பை, இன்னும் உப்பாகத்தான் இருக்கிறதா என்று நாளும் எவரேனும் விசாரிப்பரோ? விசாரணையை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தேன். பக்கங்கள் பறந்து வந்தன. தலைமையாசிரியர் எனக்குச் சால்வை போர்த்தினார்.

உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகளும் என் பழைய மாணவியுமான ஸ்டெல்லா, செவிலியர் கல்லூரியின் தேர்வுப் பட்டியலைப் பார்க்க நாள்தோறும் வந்தாள். 'பட்டியல் விரைவில் வெளியாகும்' என்பதே நொடியில் வந்து நின்றது.

"இன்னும் போடலீங்களா, ஐயா?"

"வழங்கி பொய்யுரைக்காது, அம்மா. எத்துணை விரைவு, பார்த்தாயா!"

நான்காம் நாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஐயா! கோட்டக்குப்பத்துல என் ஃப்ரெண்டு பாத்துட்டா. லிஸ்ட் வந்து மூணு நாளாச்சாம். என் பேரு இருக்குது. இன்னிக்கு நாலு மணிக்குள்ள போவலன்னா சீட்டு போயிடுமாம்!"

முதல் நாள் எடுத்த படியையே வழங்கி நாள்தோறும் அவளுக்கு நீட்டியிருக்கிறது! பேருந்து போய்விட்டிருந்தது. புதுச்சேரிக்குப் புறப்பட்ட உப்பு லாரியில் அவளை ஓட்டுநர் அருகே அமர்த்திவிட்டு, மூட்டைகளின் மேல் நான் ஏறினேன். கீழ்புத்துப்பட்டில் மழை பிடித்தது. ஓட்டுநர் இறங்கி, உப்பு கரைந்துவிடும் என்று மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போர்த்தினார். தமிழாசிரியர் கரையமாட்டார் என்று கருதினார் போலும்.

கல்லூரியை அடைந்தபோது நான்கு மணிக்குப் பத்து நிமிடமே இருந்தது. அலுவலக எழுத்தர் சீறினார்: "நெட்டுல போட்டு மூணு நாளாவுது. பாக்கலியாம்மா?"

ஸ்டெல்லா, நீர் சொட்ட நின்ற என்னை ஒருமுறை பார்த்தாள். "எங்க ஊரு நெட்டுல இன்னும் போடலீங்க."

இடம் கிடைத்தது. இன்று எங்கள் ஊரில் மாதந்தோறும் என் இரத்த அழுத்தத்தை அளக்கும் செவிலியர் அவளே. கையில் பட்டையைச் சுற்றுமுன், என் மனைவியின் காதில் விழும்படி கேட்பாள்:

"ஐயா, போன மாச அளவையே எழுதிடட்டுங்களா? சீக்கிரமா முடிஞ்சிடும்."

மனைவி சிரித்து முடிப்பதற்குள் அளவு ஏறிவிடுகிறது.