மைதானத்தில் ரெண்டு நாய்

எனக்கு ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியும். சந்தோஷத்தைத்தான் காப்பாற்றத் தெரியாது. யாராவது ஒரு துக்கத்தைச் சொன்னால் அது என்னோடு மண்ணுக்குப் போகும். ஒரு நல்ல செய்தியைச் சொன்னால், நான் வாசலைத் தாண்டுவதற்குள் அது தெருமுனை டீக்கடையில் போய் உட்கார்ந்திருக்கும். இந்தக் குணத்தால் என் அக்காவின் கல்யாணத்தையே ஏறக்குறைய நிறுத்தியிருக்கிறேன். அதுவும் கைதட்டிக்கொண்டே.

அப்போது கல்லூரியை முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், உலகத்தைத் திருத்த வேண்டிய அளவு நேரத்தோடு முத்தியால்பேட்டை வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உலகம் கைக்கு எட்டாததால் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். ராத்திரி சாப்பிடும்போது ஒவ்வொருவரும் அன்றைய சின்ன வெற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும் என்று சட்டம் போட்டேன். (இந்த யோசனை எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள். போனில் பார்த்ததுதான், வேறெங்கே?)

"சோத்துக் கையோட எப்பிடிடி தட்டுறது?" என்று அப்பா கேட்டார். இடது கையால் தொடையில் தட்டலாம் என்று உடனே ஒரு திருத்தம் கொண்டுவந்தேன்.

அம்மாவின் வெற்றி, மோட்டாரைப் போட்டுவிட்டு மறக்காமல் நிறுத்தியது. அப்பாவின் வெற்றி, கண்ணாடியைத் தேடாமல் வேலைக்குக் கிளம்பியது. அக்கா சுகந்தி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். குழந்தை அழாமல் ஊசி போட்டது அவளுடைய வழக்கமான வெற்றி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகமெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கி காலைல லாஸ்பேட்டை மைதானத்துல கால ஊனாம ஸ்கூட்டர்ல எட்டு போட்டேன். நடுவுல ஒரு செவலை நாய் தூங்கிட்டிருந்துச்சு. அதை எழுப்பாம, சுத்தியே போட்டேன்."

"யாரு கத்துக் குடுத்தா?" என்றாள் அம்மா.

"கூட வேல பாக்குற பொண்ணு," என்றாள் அக்கா, தட்டைப் பார்த்துக்கொண்டு.

நான் தொடை சிவக்கத் தட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். தரகர் கொண்டுவந்த சம்பந்தம். ரெட்டியார்பாளையம். மாப்பிள்ளை பெயர் பிரபு, மாத்திரை கம்பெனியில் வேலை. அதுவரை வந்த வரன்களை மீசை சரியில்லை, சிரிப்பு சரியில்லை என்று கழித்துக்கட்டிய அக்கா, இந்த முறை அவளாகவே திரைச்சீலையைத் துவைத்து இஸ்திரி போட்டாள். "இது எப்பிடியாச்சும் அமையணும்டி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஒரு போட்டோவைப் பார்த்தா இவ்வளவு ஆசை என்று எனக்கு ஆச்சரியம். (ஆச்சரியத்தோடு நின்றுவிட்டேன். மூளை மேற்கொண்டு நகரவில்லை.)

அம்மாவுக்கு என்னைப் பற்றித்தான் கவலை.

"மாப்பிள்ளையோட அம்மாவுக்குக் காதல்னாலே ஆகாதாம். பெரிய பையன் சொல்லாம கொள்ளாம கட்டிக்கினு வந்துட்டான்னு இன்னும் அவன்கிட்ட பேச்சே கிடையாதாம். தெருவுல யாரு யாரோட ஓடினாங்கன்ற கதையெல்லாம் எடுத்து விடாத. நீ வாயே தொறக்காத."

தலையாட்டினேன். மனப்பூர்வமாகத்தான் ஆட்டினேன்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சாது. அவருடைய தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவராம். அதனால் நன்றி சொல்வதுகூடப் பிரெஞ்சில்தான்: காபி கொடுத்தாலும் "மெர்சி", பஜ்ஜி கொடுத்தாலும் "மெர்சி". மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் வீட்டுச் சுவரின் விரிசலை அது ஆரம்பித்த இடத்திலிருந்து முடிந்த இடம்வரை பார்த்தார். பிரபு மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். அக்கா காபியைக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் பிரபுவும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. (என்ன அடக்கமான பையன் என்று அம்மா மனதுக்குள் நினைத்தாளாம். சிறிது நேரத்தில் வாபஸ் வாங்கிக்கொண்டாள்.)

பஜ்ஜி தீர்ந்தது. பேச்சும் தீர்ந்தது. "வீட்ல பொழுதெல்லாம் எப்பிடிப் போவுது?" என்று மாப்பிள்ளையின் அப்பா என் அப்பாவைக் கேட்டார்.

பதில் என்னிடமிருந்து போயிற்று. சின்ன வெற்றி, கைதட்டல், தொடைத் திருத்தம் எல்லாவற்றையும் விளக்கி, "நீங்களும் ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்களேன்," என்று முடித்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு ஈடு பஜ்ஜி பொரிக்கலாம், அவ்வளவு சூடாக இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா உற்சாகமாகிவிட்டார். "இந்த வாரம் ஒரு வேளகூட மாத்திரைய மறக்கல."

"நான் பிரிச்சி கையில வெக்கிறேன். அது இவுரு வெற்றியாம்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

எல்லோரும் சிரித்தோம், தட்டினோம். அப்புறம் அந்த அம்மாவே, "வெள்ளிக்கெழம மார்க்கெட்டுல வவ்வால் மீன் செவுளத் தொறந்து பாத்து, இது நேத்து மீனுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வந்தேன்," என்றார். "ப்ராவோ," என்றார் புருஷன். அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார். எனக்கு நிலைகொள்ளவில்லை. சம்பந்தம் முடிந்தது, முடித்தது நான் என்றே எண்ணிவிட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றார் பிரபு.

"ஒரு வாரத்துல ஒண்ணுகூடவாடா இல்ல? அந்தப் பொண்ணு ஆசையா கேக்குது இல்ல, சொல்லு," என்றார் அவர் அம்மா.

பிரபு பொய் சொல்லத் தெரியாத மனிதர். இன்றைக்கும் அப்படித்தான். "போன ஞாயித்துக்கெழம ஒருத்தருக்கு ஸ்கூட்டர் கத்துக் குடுத்தேன்," என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தபின் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்பப் பயந்தவங்க. அன்னிக்கி கால ஊனாம எட்டு போட்டாங்க. நடுவுல ஒரு செவலை நாயி படுத்திருந்துச்சு. அதை எழுப்பவே இல்ல."

அக்காவுக்கு இருமல் வந்தது.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "எங்கக்காவும் போன ஞாயித்துக்கெழமதான் எட்டு போட்டா. நீங்க எந்த மைதானம்?"

பிரபு தரையைப் பார்த்தார். "லாஸ்பேட்டை."

"இவளும் லாஸ்பேட்டைதான். காலைலயா, சாயங்காலமா?"

"காலைல."

"இவளும் காலைலதான். இவளும் செவலை நாயச் சுத்தித்தான் போட்டா, எழுப்பாம."

அக்கா என் காலை மிதித்தாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். கூடத்தைப் பார்த்து, ஒரு கண்டுபிடிப்பை உலகத்துக்கு அறிவிக்கும் குரலில், "அப்பன்னா அந்த மைதானத்துல ரெண்டு செவலை நாயி இருக்கு," என்றேன். சொல்லிவிட்டுக் கைதட்டினேன்.

வேறு யாரும் தட்டவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா என்னை, நிரம்பி வழிகிற தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த தட்டலுக்குப் புறப்பட்ட என் கைகள் பாதி வழியில் அப்படியே நின்றன.

மாப்பிள்ளையின் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"நாயி ஒண்ணுதான்டா?"

"ஒண்ணுதாம்மா," என்றார் பிரபு.

"எப்போலேர்ந்து?"

"போன மழைக்காலத்துலேர்ந்து. ரத்தம் டெஸ்ட்டுக்குப் போயி மயங்கி விழுந்துட்டேன். இவங்கதான் தண்ணி தெளிச்சாங்க."

"தரகரு?"

"நாங்கதான் அனுப்பி வெச்சோம்."

"மெர்சி," என்றார் அவர் அப்பா, யாரிடம், எதற்கு என்று தெரியாமல்.

அந்த அம்மா எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். அக்காவின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. வாசல்வரை போன அந்த அம்மா திரும்பி, அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"கத்துக் குடுக்கும்போது இவன் உன்னத் திட்டினானா?"

"இல்லைங்க. ஒரு தடவகூட இல்ல."

அவ்வளவுதான், மகன் பக்கம் பாய்ந்தார். "பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டர முறுக்கிட்டேன்னு என்ன நடு மைதானத்துல அந்தக் கத்து கத்துனியேடா. உனக்கெல்லாம் வராதும்மா, பின்னாடி உக்காந்துக்கோன்னு சொன்னியே. இந்தப் பொண்ணுக்கு மட்டும் இம்மாம் பொறுமை எங்கேர்ந்துடா வந்துச்சு?"

குற்றம் காதலா ஸ்கூட்டரா என்று எங்களுக்கு விளங்கவில்லை. பிரபுவுக்கும் விளங்கவில்லை. அக்காதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் கத்துத் தரேன் அத்த. திட்டாம."

அந்த 'அத்த' கூடத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது.

"காதலெல்லாம் எனக்கு ஆவாது, இப்பவே சொல்லிட்டேன்," என்றார் அந்த அம்மா. செருப்பை மாட்டினார். "நான் எட்டு போடற வரைக்கும் தேதி கீதின்னு யாரும் பேசக் கூடாது."

அப்புறம் ஞாயிறுதோறும் லாஸ்பேட்டை மைதானம். அக்கா கற்றுக்கொடுப்பாள். பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற வேலை எனக்கு. (தீர்ப்பு அப்பாவுடையது. மேல்முறையீடு கிடையாது.) எனக்கு மூச்சு வாங்கியது, முட்டி தேய்ந்தது. அக்கா ஒரு சொல் திட்டவில்லை. அந்த அம்மா வண்டியோடு புதருக்குள் போன அன்றைக்குக்கூட, "பரவால்ல அத்த, திருப்பம் நல்லா வந்துச்சு," என்றாள்.

கடைசியில் எட்டு போட்ட அன்று செவலை நாய் சரியாக நடுவில் படுத்திருந்தது. அத்தை ஹாரனை விடாமல் அடித்தார். "எழுந்து போ. உன்ன சுத்திக்கினு போற ஆளு நான் இல்ல." நாய் எழுந்து போயிற்று. கால் ஊன்றாமல் எட்டை முடித்து, இறங்கி, அக்காவிடம், "உங்கப்பாவ தேதி பாக்கச் சொல்லு," என்றார். அன்றைக்கே ஸ்கூட்டரில் பெரிய மகன் வீட்டு வாசல்வரை போய் ஹாரன் அடித்தாராம். உள்ளே போகவில்லையாம். கல்யாணத்துக்கு அந்த மகனும் மருமகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் யாருடைய கதையிலாவது நம்ப முடியாத இடம் வந்தால், "ரெண்டு நாயா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஆபீசில் லேட் என்று பிரபு மாமா சொன்னால் ரெண்டு நாய். சர்க்கரை தொடவே இல்லை என்று அவர் அப்பா சொன்னால் ரெண்டு நாய். எனக்கு வேலை கிடைத்த செய்தியைக்கூட அப்படிக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் நம்பினார்கள்.

போன மாதம் சாப்பாட்டின்போது என் வெற்றியைச் சொன்னேன். "இன்னிக்கி கடல்ல முதல் தடவையா மிதந்தேன். ஆபீஸ்ல கூட வேல பாக்குறவரு ஒருத்தரு கத்துக் குடுத்தாரு."

அம்மா கரண்டியோடு நின்றாள். "ஆபீஸ்ல வேற யாருக்குக் கத்துக் குடுத்தாரு?"

"வேற யாருக்கும் இல்லம்மா."

"அப்ப நாயி ஒண்ணுதான்," என்றார் அப்பா, தலையைத் தூக்காமல். "அவரு பேரு இன்னா?"