நெதர்லாந்துக்கு ஒரு மாதிரி

என் பேரு ராசாங்கம். பேருதான் ராசாங்கம், ஆட்சி பூராவும் மலர்க்கொடி. கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கட்சிதான் ஆளுகிறது. எதிர்க்கட்சி டெபாசிட் வாங்கியதாகச் சரித்திரம் கிடையாது.

அப்பேர்ப்பட்ட நான் 2004 சித்திரை ஒண்ணாம் தேதி ஒரு சபதம் போட்டேன். உயிரே போனாலும் இனிமேல் தண்ணிக் குடத்தைத் தொடுவதில்லை!

அப்போது பெரம்பலூரில் எங்கள் தெருவுக்கே கோடியில் ஒரு பைப்புதான். காலையில் ஆறு மணிக்குத் தண்ணி விடுவார்கள். சைக்கிள் கேரியரில் இந்தப் பக்கம் ஒரு நீலக் குடம், அந்தப் பக்கம் ஒன்று. ஆறு நடை, பன்னிரண்டு குடம். அதை முடித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் போய் டைம் கீப்பராக உட்கார வேண்டும். அங்கே நான் விசில் ஊதினால் துறையூர் பஸ்ஸும் அரியலூர் பஸ்ஸும் அலறியடித்துக் கிளம்பும். வீட்டில் விசில்கூட வேண்டாம், மலர்க்கொடி ஒரு பார்வை பார்த்தால் நான் கிளம்பிவிடுவேன்.

சபதத்துக்கு வழி காட்டியது, வீட்டுக்கு வாங்கி வந்த பஜ்ஜியை மடித்த பேப்பர். பஜ்ஜியைப் பிரித்தால், மூலையில் ஒரு பெட்டிச் செய்தி. ‘நெதர்லாந்து ஆய்வில் தகவல்’ என்று தலைப்பு. என்ன தகவல் என்பதை எண்ணெய் குடித்துவிட்டது. தலைப்பு மட்டும் மிச்சம். எனக்கு அது போதாதா? மலர்க்கொடி பிளஸ் டூ படித்தவள், ஆராய்ச்சி என்றால் மரியாதை கொடுப்பாள்.

“மலரு, விஷயம் தெரியுமா? நாப்பது வயசு தாண்டுன ஆம்பள குடம் தூக்குனா முதுகெலும்பு தேஞ்சிருமாம். நெதர்லாந்துல கண்டுபிடிச்சிருக்காங்க.”

“அது எங்கங்க இருக்கு?”

“பள்ளிக்கூடத்துல ஒல்லாந்துன்னு படிச்சோமே, அதான். டச்சுக்காரங்க ஊரு.”

“நமக்கும் அவங்களுக்கும் என்னங்க டச்சு?”

“முதுகு எல்லாருக்கும் ஒண்ணுதானே!”

“சரி, பொம்பள தூக்குனா என்னாவுமாம்?”

“அதப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லல.”

“சொல்ல மாட்டாங்களே. வேற என்ன சொல்லிருக்காங்க?”

இங்கேதான் எனக்கு நாக்கில் சனி உட்கார்ந்தது.

“ஞாயித்துக்கெழமையானா நாட்டுக்கோழி சாப்புடணுமாம்.”

“நெதர்லாந்துல ஏதுங்க நாட்டுக்கோழி?”

“அந்தந்த நாட்டுல அந்தந்த நாட்டுக் கோழி!”

மலர்க்கொடி சிரிக்கவில்லை, சண்டை போடவில்லை. “ஆராய்ச்சியே சொல்லிருச்சுன்னா அப்பீல் ஏது?” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அறுபது நாள் ராஜ வாழ்க்கை. பக்கத்து வீட்டு அழகேசன் வேலியோரம் வந்து கெஞ்சினான். “அண்ணே, அந்த ஆராய்ச்சிய எங்க வூட்டுலயும் வந்து ஒரு வார்த்த சொல்லேன்.” நான் பிகு பண்ணிக்கொண்டேன். ஒரு நாள் மட்டும், மலர்க்கொடி பைப்படியிலிருந்து வரும் வழியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆனி பிறந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வருகிறேன், எங்கள் வீட்டுக்குள் ஆறடி உயரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா. நிலையில் இடித்துக்கொண்ட நெற்றியைத் தடவியபடி மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க வாங்க,” என்றாள் மலர்க்கொடி. “இவங்க நெதர்லாந்துங்க.”

நான் வாசற்படிக்கு ரிவர்ஸ் எடுத்தேன்.

“வணக்கம். தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?” என்றார் அந்த அம்மா, பாடப்புத்தகத் தமிழில். பேரு மரைக்காவாம். தெருவில் அதை அன்றைக்கே ‘மரக்கா’ ஆக்கிவிட்டார்கள். நெல்லளக்கிற மரக்காதான். அளக்க வந்த அம்மாவுக்கு வேறு என்ன பேரு பொருந்தும்? வீட்டு வேலை யார் எவ்வளவு நேரம் செய்கிறார்கள், அதனால் உடம்பு என்ன ஆகிறது என்று அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பண்ணுகிறாராம். மலர்க்கொடி எங்கள் தெரு மகளிர் குழுவுக்குச் செயலாளர். அதனால் வீடு வீடாகப் போய் எழுதி எடுக்கிற பொறுப்பு அவளுக்கு.

மரக்கா அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் மலர்க்கொடி என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, நீங்க சொன்னீங்களே அந்த முதுகெலும்பு ஆராய்ச்சி, அத இவங்ககிட்ட கேட்டுட்டேன்.”

“என்... என்ன சொன்னாங்க?”

“அது பாதிதான் முடிஞ்சிருக்காம். தூக்காம இருந்தா எப்புடின்னு அறுவது நாளு பாத்தாச்சு. தூக்குனா எப்புடின்னும் அறுவது நாளு பாக்கணுமாம். அதுக்கு நீங்கதான் மாதிரி.”

“மாதிரின்னா?”

“சாம்பிளுங்க. ஒலகத்துல எத்தன ஆம்பள இருக்காங்க! ஒங்களப் போயி எடுத்திருக்காங்க பாருங்க. இந்தாங்க, சம்மதப் படிவம்.”

படிவம் முழுக்க மலர்க்கொடியின் கையெழுத்து. மொழிபெயர்ப்பாக இருக்கும் என்று நினைத்தேன். மரக்காவிடமே ஒரு வார்த்தை கேட்கலாம்தான். கேட்டால் என் புளுகல்லவா முதலில் சந்திக்கு வரும்? மூச்சு விடாமல் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளிலிருந்து பதினாறு குடம். பன்னிரண்டுக்கு முதுகு சரியாகத் தெரியாதாம். நான் சைக்கிளைத் தள்ள, மலர்க்கொடி என் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நோட்டும் பேனாவுமாகக் கூடவே நடந்தாள்.

“மூணாவது நடை, ஏழு நிமிஷம். அழகேசன்கிட்ட நின்னு பேசுனது ரெண்டு நிமிஷம். லேட்டு.”

ஊருக்கெல்லாம் லேட் போட்டவனுக்கு வீட்டில் லேட் போட்டாள்! ஆனாலும் பெருமை யாரை விட்டது? பஸ் ஸ்டாண்டில் டிரைவர், கண்டக்டர் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னேன், “நெதர்லாந்துக்கே நான்தான்யா மாதிரி.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அறுபது நாளும் எனக்குப் பிடித்திருந்தது. நோட்டில் எழுதியது போக மிச்ச நேரமெல்லாம் அவள் பேசிக்கொண்டே வருவாள். விக்கிரமங்கலத்தில் அவள் அப்பா பருத்தி போட்டது, பிளஸ் டூ முடித்ததும் டீச்சர் ட்ரெய்னிங் போக ஆசைப்பட்டு அழுதது, நான் பெண் பார்க்க வந்த அன்று என் சட்டையில் ஒரு பொத்தான் குறைந்தது. பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியும் இதில் பாதி எனக்குத் தெரியாது. இப்போது நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். சுவிட்சைத் தட்டினால் மாடித் தொட்டி நிரம்புகிறது. சைக்கிள் கொல்லையில் சாத்திக் கிடக்கிறது. அவள் சீரியல் பார்க்கிறாள், நான் செல்லைப் பார்க்கிறேன். அந்த பைப்படிப் பாதையை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஆவணியில் மரக்கா விடைபெற்றுக்கொள்ள வந்தார். நான் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றேன். நூற்றிருபது நாள் ஆராய்ச்சி! இனி பயமென்ன?

“மேடம், என் முதுகு ரிசல்ட் என்னாச்சுங்க?”

“எந்த முதுகு?” என்றார் மரக்கா. “மன்னிக்கவும் ஐயா. எங்கள் ஆராய்ச்சி பெண்களுக்கு மட்டுமே.”

மெதுவாக மலர்க்கொடி பக்கம் திரும்பினேன். அவள் நிதானமாக முறுக்கை உடைத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் தூக்குனது?”

அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து எதையோ உருவி நீட்டினாள். எண்ணெய்க் கறையோடு அந்த பஜ்ஜிப் பேப்பர்!

“அன்னிக்கே எடுத்துப் பாத்துட்டேங்க. தலைப்பு மட்டுந்தான் இருந்துச்சு. மிச்சத்துல பாதிய நீங்க எழுதுனீங்க, பாதிய நான் எழுதுனேன்.”

மரக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. “உங்கள் கணவர் என்ன கேட்கிறார்?”

“ஒண்ணுமில்லீங்க, கண்டுக்காதீங்க. அவரு ஒரு மாதிரி.”

மரக்கா பரபரவென்று நோட்டைத் திறந்தார். “மாதிரியா? இவரைப் போல மொத்தம் எத்தனை மாதிரிகள்?”

“ஒண்ணே ஒண்ணுதாங்க,” என்றாள் மலர்க்கொடி. “அதத் தண்ணி தூக்க வெக்கவே மாளல.”