எல்லாக் கண்ணாடியிலும் பூஞ்சணம்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்துபோகிற பறவைகளில் எனக்குப் பெயர் தெரியாதது ஒன்றுமே இல்லை.

பொய். எனக்குக் காகம் தெரியும், கோழி தெரியும். கோழியையும் சட்டிக்குள் கிடக்கும்போதுதான் அடித்துச் சொல்வேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டவர்கள். துறைமுகத்துக்கு இறங்குகிற தெருவில் தேத்தண்ணியும் வடையும் விற்கிறேன். அவ்வளவுதான் என் படிப்பு.

பெயரெல்லாம் தெரிந்தவர் என் பக்கத்துக் கடை டெயிலர் நானா. இந்த ஊரில் அவரைவிட அதிகம் கண் வைத்திருந்த மனுசன் கிடையாது. அல்லாஹ் கொடுத்தது இரண்டு. மிச்சமெல்லாம் இங்கிலீசுக்காரனும் ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் செய்தது. கழுத்தில் இஞ்சு நாடா ஒன்று, தூரக்கண்ணாடி ஒன்று. நாடாவை மறந்துபோய்க் கடைக்கு வந்திருக்கிறார், கண்ணாடியை மறந்ததில்லை.

வெள்ளைக்காரனின் கப்பற்படை ஊரைவிட்டுப் போனபோது ஆளுக்கு ஆள் எதையோ வாங்கினார்கள். கட்டில் வாங்கினான் ஒருவன், கதிரை வாங்கினான் ஒருவன். நானா மட்டும், தைத்துக்கொடுத்த காற்சட்டைகளுக்குக் கூலி வேண்டாம் என்று ஓர் அதிகாரியின் கழுத்தைக் காட்டியிருக்கிறார். அந்த ஆள் பயந்துபோயிருப்பான். அதில் தொங்கியதுதான் முதல் கண்ணாடி. பிறகு கப்பலில் வருகிற மாலுமிகளிடம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது.

வாங்கும்போது அவர் படுத்துகிற பாட்டைப் பார்க்க வேண்டும். முதலில் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டுவார். உள்ளே கிலுங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு தலைகீழாகப் பிடித்து, வெளிச்சத்துக்குக் காட்டி, லென்சுக்குள் பூஞ்சணம் பூத்திருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாக முகர்ந்து பார்ப்பார்.

"என்ன நானா, கருவாடே வாங்கிறியள்?"

"டேய் வடை, உப்புக் காத்துப் பட்ட கண்ணாடிக்கு ஒரு மணம் இருக்கு. உனக்கு விளங்காது. உன்ர மூக்கு எண்ணெயில பொரிஞ்சு போச்சு."

அந்தப் பூஞ்சணம்தான் அவருடைய ஒரே பகையாளி. கடற்கரை ஊரில் லென்சுக்குள் அது சிலந்திவலை போல மெல்லப் படரும். அதைத் தடுக்க நானா கண்ட வழி, கண்ணாடிகளைத் துணியில் சுற்றி அரிசித் தகரத்துக்குள் புதைத்து வைப்பது. அரிசி ஈரத்தை இழுத்துவிடுமாம். அதனால் அவர் மனைவி ராத்தா சோறு சமைக்கப் போனால் முதலில் ஜெர்மனியைத் தூக்க வேண்டும், பிறகு ஜப்பானைத் தூக்க வேண்டும், அதன் பிறகுதான் அரிசி. ஒருநாள் லென்ஸ் மூடி ஒன்று சோற்றோடு வெந்து நானாவின் பீங்கானில் வந்து விழுந்தது. அவர் அதைத் துடைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "கறி நல்லா இருக்கு புள்ள" என்றார்.

அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த வருசங்களில் தகரத்துக்குள் கண்ணாடி மட்டும்தான் கிடந்தது. ராத்தா தகரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, உங்கட நானா ஊரிலுள்ள கொக்கெல்லாத்தையும் கிட்டக் கொண்டு வருவார். ஒரு கொத்து அரிசியைக் கிட்டக் கொண்டுவர இதுகளில ஒண்டுக்கும் ஏலாது" என்றா. சொல்லிவிட்டு அவவே சிரித்தா. நானா சிரிக்கவில்லை. ஆனால் ஒரு கண்ணாடியைக்கூட விற்கவும் இல்லை.

சீனன்குடாப் பக்கம் ஒரு பெரிய மரத்தில் கடற்கழுகு கூடு கட்டியிருக்கிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே எண்ணெய்த் தாங்கிகள், விமானத்தளம், வேலி, காவல். வேலியோரம் நின்று தூரக்கண்ணாடி பிடித்தால் யார் விடுவார்கள்? துவக்கோடு ஒருத்தர் ஓடிவந்தார்.

"என்ன பாக்கிறது?"

நான் நானாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நானா தன் கழுத்து வாரைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். "கழுகு சேர். அந்தக் கொப்பில. மெள்ளத் திருப்புங்க. இன்னும் கொஞ்சம். ஆ, அங்கதான்."

காவற்காரர் பார்த்தார். வாய் திறந்தது. கூட்டுக்குள் குஞ்சும் வாய் திறந்துகொண்டு இருந்திருக்க வேண்டும். "இனி இஞ்ச வரப்படாது" என்று அதட்டித்தான் அனுப்பினார். ஆனால் பிறகொருநாள் காற்சட்டை தைக்கக் கடைக்கே வந்து, "குஞ்சு பறந்திட்டுது" என்று நானாவின் காதுக்குள் ரகசியம் சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவும் சிரிக்கிற கதை. இனி வருவதையும் முதலில் நாங்கள் சிரித்துக்கொண்டுதான் பார்த்தோம்.

நானாவின் தையல் கோண ஆரம்பித்தது. எனக்குத் தைத்த சட்டையில் மேல் பொத்தானைப் பூட்டினால் கீழ்ப் பொத்தான் போக இடமில்லாமல் தொப்புளுக்குப் பக்கத்தில் வழி கேட்டுக்கொண்டு நின்றது. தபால் கந்தோர் ஐயாவின் காற்சட்டையில் ஒரு கால் கணுக்காலோடு நின்றது, மற்றது தெருக்கூட்டியது. கடையில் தேத்தண்ணி குடிக்க வருகிறவர்களுக்கு நான் அதை நடித்தே காட்டுவேன். நானா நூலைக் குறை சொன்னார், ஊசியைக் குறை சொன்னார்.

அதே நாட்களில்தான் பூஞ்சணமும் வந்தது. முதலில் ஜப்பானில். பிறகு ஜெர்மனியில். "வடை, வெள்ளை வெள்ளையாப் பனிப்புகார் மாதிரி. ஓரமெல்லாம் இருட்டு. எல்லாத்துக்கையும் பூந்திட்டுது" என்று கடை வாசலில் குந்தியிருந்து, திருகாணிகளைத் தடவித் தடவிக் கழற்றி, மஸ்லின் துணியால் நாள்முழுக்கத் துடைத்தார். பூஞ்சணம் போகவில்லை. கடைசியில் ஒரு கப்பல்காரனிடம், புத்தம்புதிதாக ஒன்று, தன் இரண்டாவது தையல் மெசினைக் கொடுத்து வாங்கினார். ஆட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். கண்ணில் வைத்தார். வைத்ததைக் கனநேரம் இறக்கவில்லை.

"இதிலயும் இருக்குடா."

"கொண்டாங்கோ பாப்பம்" என்று வாங்கி நானும் கண்ணில் வைத்தேன். அம்மாடி! கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவு. அக்கரையில் நின்ற தோணியின் கயிற்று முறுக்குத் தெரிந்தது. அதன் மேலிருந்த காகம் என்னை அடையாளம் கண்டு முறைத்தது. புதுக் கண்ணாடியில் பூஞ்சணமும் இல்லை, புண்ணாக்கும் இல்லை என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன். திரைச்சீலைக்குப் பின்னால் ராத்தா நின்றுகொண்டிருந்தா. தலையை மட்டும் ஆட்டினா, வேண்டாம் என்று.

என் வாழ்க்கையில் நான் யோசித்துச் சொன்ன பொய் அது ஒன்றுதான். "ஓம் நானா. பூஞ்சணம்தான்."

பின்னேரம் வெற்றுத் தேத்தண்ணிப் பேணி கொடுக்க வருவது போல வந்து ராத்தா சொன்னா. "கொழும்புக்குத் துணி எடுக்கப் போறமெண்டு அவரைக் கண் டொக்டரிட்டத்தான் கொண்டுபோனனான் தம்பி. கண்ணுக்குள்ள அழுத்தமாம். நரம்பு பட்டுப்போச்சாம். இனி ஒண்டும் செய்ய ஏலாதாம். டொக்டர் எனக்கு மட்டும்தான் சொன்னவர். இவருக்கு நான் சொல்லேல்ல. எப்பிடிச் சொல்லுற?"

பேணியை வாங்கிக் கழுவினேன். கழுவினதையே திரும்பவும் கழுவினேன்.

அதன் பிறகு அளவெடுப்பது நானா, வெட்டித் தைப்பது திரைக்குப் பின்னால் ராத்தா. சட்டைகள் நேராகிவிட்டன. "பாத்தியா, நல்ல நூல் வந்திட்டுது" என்றார் நானா. பறவை பார்ப்பது நான் என்று ஆனது. "எனக்குப் பூஞ்சணம் இடைஞ்சலா இருக்கு. உன்ர கண்ணுக்கு எதுவும் ஒத்துக்கொள்ளும். நீ பாத்துச் சொல்லு, நான் பேர் சொல்லுறன்."

"கால் மஞ்சள், மூக்கடி சிவப்பு நானா. கந்தோர்க் கிளாக்கர் மாதிரி நெஞ்சைத் தள்ளிக்கொண்டு நடக்குது. நிண்டு நிண்டு கத்துது."

"ஆள்காட்டி."

"இது வெள்ளை. நாலு கால்."

"அது ஆட்டுக்குட்டியடா, மடையா!"

தை மாதத்தில் ஒருநாள் நானா கேட்டார். "குச்சவெளிக் களப்பில பூநாரை இறங்கியிருக்குமாடா? ஒருக்கா, ஒரே ஒருக்காப் பாத்திட்டு வருவம். இந்தப் பூஞ்சணம் இன்னும் மொத்திக்கிறதுக்குள்ள."

பஸ்ஸில் போனோம். புதுக் கண்ணாடியை மடியில் வைத்துப் பிள்ளை மாதிரித் தடவிக்கொண்டு வந்தார். களப்புக் கரையில் அவர் கையைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் கண்ணாடியைக் கண்ணில் வைத்தார், இறக்கினார், என்னிடம் நீட்டினார்.

பார்த்தேன். தண்ணீர். அதற்கு அங்காலும் தண்ணீர். ஒரு கொக்குக்கூட இல்லை.

"சொல்லு."

"நிறைய நானா! தண்ணி தெரியேல்ல. எல்லாம் ரோசா நிறம். கலியாண வீட்டுச் சீலை காயப்போட்ட மாதிரி. தலையைக் கீழ போட்டுக்கொண்டு மேயுதுகள். ஒண்டு செட்டையை விரிக்குது, உள்ளுக்கு நல்ல சிவப்பு..." கையில் இருந்த நிறமெல்லாம் தீரும்வரை ஊற்றினேன்.

நானா தலையைச் சாய்த்து, காற்றுக்குக் காது கொடுத்துக்கொண்டு நின்றார்.

"பூநாரை கூட்டமா நிண்டா வாத்துச் சந்தை மாதிரிச் சத்தம் கேக்கும், வடை. ஒரு சத்தமும் இல்லையே."

நான் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் என் முகம் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அவருக்குத்தான் தெரியாதே என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"பூஞ்சணம் எண்டதும் இப்பிடித்தானே சொன்ன நீ?"

"நானா..."

"சரி, விடு. ராத்தாக்குச் சொல்லாத. எனக்குத் தெரியாதெண்டு அவள் நிம்மதியா இருக்காள்." என் தோளில் கை வைத்தார். "செட்டையில விட்டனி. அங்கயிருந்து சொல்லு."

சொன்னேன். பஸ் வரும்வரை சொன்னேன்.

நானா மவுத்தாகிய பிறகு ராத்தா அந்தப் புதுக் கண்ணாடியை என்னிடம் தந்தா. "இதுக்க பூஞ்சணம் இல்லத்தானே தம்பி" என்று மட்டும் கேட்டா. இல்லை என்று சொன்னேன். இப்போது அது என் குசினி அரிசித் தகரத்துக்குள் கிடக்கிறது. என் மனுசி ஏசிக்கொண்டுதான் அரிசி எடுக்கிறாள். விடிந்ததும் கடை வாசலில் நின்று ஒருமுறை பார்ப்பேன். இன்றைக்கு இறங்குதுறைக் குற்றியில் ஒன்று இருக்கிறது. பெயர் எனக்கு எங்கே தெரியும்? சொண்டு நல்ல சிவப்பு நானா, நெஞ்சு வெள்ளை, முதுகு நான் உடுத்திருக்கிற நீலச் சரத்தின் நிறம், கழுத்தில் மட்டும்—

"இஞ்சேருங்கோ! விடியக்காலமையே ஆரோட அங்க கதை? பால் பொங்குது, வாங்கோ!"

"வாறன், வாறன்!"

நானா, அது பறந்துவிடப்போகிறது. கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ.