மாதா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட விவரம்

சினிபாம்பா,
சான் ரொக்கே சிற்றாலயத் தெரு.
2005 ஜனவரி 9, ஞாயிறு.

ஸ்பெயின் தேசத்து முர்சியா நகரில் வேலை செய்யும் என் பெரியம்மாவும் ஞானத்தாயுமாகிய மரியாதைக்குரிய தொமிதிலா அவர்களுக்கு,

தேவமாதாவின் காவலில் நீங்களும், நீங்கள் கவனித்துக்கொள்ளும் அந்த முதலாளியம்மாவும், அவருடைய பூனையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். கோழிகள் சுகம். உங்கள் வீட்டுப் பூட்டும் சுகம். வாரம் ஒருமுறை எண்ணெய் விடுகிறேன்.

இதை நான் மாதா சபையின் செயலாளர் என்ற முறையில் எழுதுகிறேன். சபைத் தலைவி ரொசவ்ரா அம்மாள் என் எதிரில் உட்கார்ந்து, "நாலு வரி போதும் பிள்ளே, வளவளன்னு எழுதாத" என்கிறார். ஆகவே நான்கு வரியில் விஷயம்: உங்கள் வீட்டைத் தாண்டி மாதாவை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக நீங்கள் சம்மதிக்க வேண்டும். இத்துடன் உள்ள சம்மதப் பத்திரத்தில் கோடு போட்ட இடத்தில் கையெழுத்திட வேண்டும். அது பிப்ரவரி இரண்டு, காணிக்கை மாதா திருநாளுக்குள் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். ரொசவ்ரா அம்மாள் படித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டார். இனி நான் காரணங்களை விளக்குகிறேன். காரணம் சொல்லாத விண்ணப்பம் அரை விண்ணப்பம் என்று எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் இருக்கிறது.

உங்களுக்கு நினைவிருக்கும், நம் மாதா கண்ணாடிக் கதவு போட்ட மரப்பெட்டிக்குள் ஒரு முழ உயரத்தில் நின்றுகொண்டு வீட்டுக்கு ஒரு வாரம் என்று ஊரைச் சுற்றி வருகிறவள். நான் முதல் வகுப்பில் இருந்தபோது யாரோ அவளை ரொசவ்ரா அம்மாள் வீட்டைத் தாண்டிக் கொண்டுபோய்விட, மூன்று மாதம் ஊரில் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேசவில்லை. அப்போது தலைவியாக இருந்த நீங்கள்தான் சபை நோட்டில் விதி எழுதினீர்கள். பட்டியலில் உள்ள எந்த வீட்டையும் தாண்டக் கூடாது. அந்த வீட்டுக்காரி தானே வந்து தன் கையால் பெட்டியைத் தூக்கிப்போக வேண்டும். அவளே எழுதிக் கொடுத்தால்தான் தாண்டலாம். ஊரே மாதா முன்னால் சத்தியம் செய்தது. முப்பத்தொரு கையெழுத்தும் ஒன்பது பெருவிரல் ரேகையும் இன்னும் நோட்டில் இருக்கின்றன. சென்ற வருடம் புதுப் பட்டியல் எழுதும் வேலை, கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் எனக்கு வந்தது. எங்களுக்குப் பக்கத்து வீடு உங்கள் வீடு, நான் வரிசைப்படி எழுதினேன்.

நவம்பர் பதின்மூன்றாம் தேதி மாதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அம்மா இறந்தபோது பாதிப் பேச்சு போயிற்று, மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் விமானம் ஏறியபோது மீதியும் போயிற்று. காலையில் "சாப்பிட்டியா", மாலையில் "கதவைச் சாத்தினியா", நடுவில் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் மொத்தம் பதினொரு புத்தகங்கள். பத்தையும் இரண்டு முறை முடித்துவிட்டு, பதினொன்றாவதான அகராதியைப் பாதிக்கு மேல் படித்துவிட்டேன். நீங்கள் கேட்டால் எந்தச் சொல்லுக்கும் பொருள் சொல்வேன், ஆனால் கேட்க ஆள் இல்லை. முதல் நாள் செபமாலைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். நான் பத்தாவது. அப்பா கதவோரம் நின்றதால் அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஒரு வாரம் முடிந்த சனிக்கிழமை மாலை எல்லோரும் மெழுகுவர்த்தி ஏந்தி, மாதாவை அடுத்த வீட்டுக்குப் பவனியாகக் கொண்டுபோகத் தயாராக வாசலில் நின்றோம். ரொசவ்ரா அம்மாள் நோட்டைப் பிரித்து, கண்ணுக்கு அருகில் வைத்து, தூர வைத்து, மறுபடி அருகில் வைத்தார்.

"தொமிதிலாவா? அவ ஸ்பெயின்ல இல்ல இருக்கா!"

"வீடு இங்கதான இருக்கு," என்றார் கோயில் மணி அடிக்கும் செகுந்தோ மாமா.

"வீடு நடந்து வந்து பெட்டியத் தூக்குமாய்யா?"

"விதி எழுதினதே அவதான். நீயும்தான் கையெழுத்துப் போட்ட."

"போட்டேன். உன் கட்டைவிரலும் பக்கத்துலயே இருக்கு, மறந்துடாத."

காற்றில் மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் மாதா இருக்கும் வீட்டில் செபமாலை நடந்தே ஆக வேண்டும் என்பதால் மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள், பிறகு பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தொத்தோராஸில், கோயில் வாசலையே மிதிக்காமல் நான்கு வருடம் இருந்தவர்கள் காதில், சினிபாம்பாவில் மாதா ஒரு வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறாளாம் என்ற செய்தி விழுந்து, அவர்களும் கிளம்பி வந்து, "நிஜமாவே நகரலியா? யாராச்சும் தூக்கிப் பாத்தீங்களா?" என்று கேட்டு, "தூக்கினா தூக்கலாம், ஆனா தூக்கக் கூடாது" என்று செகுந்தோ மாமா சொன்ன பதிலைப் பெரிய மர்மமாக எடுத்துக்கொண்டு, அடுத்த நாள் தங்கள் மாமியார்களையும் கூட்டிவந்தார்கள்.

இதில் நேர்ந்த விபத்துகளை மறைக்காமல் எழுதுகிறேன். தொத்தோராஸ்காரர் ஒருவர் தண்ணீர் குடிக்க அடுப்படிக் கதவைத் திறந்துவிட, மாதா பிரார்த்தனை நடுவில் எங்கள் கினிப்பன்றிகள் பதினான்கும் முழங்காலில் இருந்தவர்களின் பாவாடைகளுக்குள் புகுந்தன. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற பதில் அதற்கு முன்னும் பின்னும் இந்த ஊரில் அவ்வளவு உருக்கமாகச் சொல்லப்பட்டதில்லை. பிறகு அப்பாவின் தொப்பியில் மெழுகுவர்த்தி சாய்ந்து, தொப்பி எரிவதை அப்பா தவிர எல்லோரும் பார்த்தார்கள், செபத்தின் நடுவில் பேசக் கூடாது என்பதால் யாரும் சொல்லவில்லை. பிறகு டிசம்பர் நான்காம் தேதி, வந்தவர்களுக்குக் கொடுக்க அப்பாவே பெரிய பானையில் மக்காச்சோளப் பால்கஞ்சி காய்ச்சி, சர்க்கரை என்று நினைத்து உப்பைக் கொட்டிவிட்டார். நாற்பது பேரும் அதைத் தவமாக ஏற்று மௌனமாகக் குடித்தார்கள். கடைசியில் ரொசவ்ரா அம்மாள்தான் குவளையைக் கீழே வைத்து, "லிசார்தோ, தவக்காலம் பிப்ரவரியிலதானய்யா ஆரம்பிக்குது?" என்றார். அப்பா சிரித்தார். பெரியம்மா, சத்தமாகவே சிரித்தார். அதனால்தான் தேதி எனக்குச் சரியாக நினைவிருக்கிறது.

அவர்கள் போன பிறகு நாற்பது குவளைகளையும் நான் கழுவுவேன், அப்பா துடைப்பார். அப்போது யார் எந்தச் சுரத்தில் பாடினார்கள் என்று அவர் சொல்வார். செகுந்தோ மாமாவைப் போலப் பாடியும் காட்டினார். கடைசிக் குவளை துடைத்ததும் வீடு மறுபடி பழைய வீடாகிவிடும், நான் அகராதியை எடுத்துக்கொள்வேன். ஆனால் நாளைக்கும் மாதா இருப்பாள் என்று தெரியும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூசை வைக்க வரும் எஃப்ரேன் சாமி சென்ற வியாழன் மூன்று இராசாக்கள் திருநாளுக்கு வந்தார். எங்கள் முற்றத்தில் அறுபத்து மூன்று பேரைப் பார்த்து வண்டியிலிருந்து இறங்காமலேயே சிலுவை போட்டுக்கொண்டார். காணிக்கை மாதா திருநாளுக்கு மறைமாவட்டத்து ஆயர் வருகிறாராம். சுற்றியுள்ள ஐந்து ஊர்களிலும் இப்படி விசுவாசம் இருந்தால் சினிபாம்பாவைத் தனிப் பங்குத்தலமாக்கி, இங்கேயே தங்கும் ஒரு சாமியாரைத் தருவாராம். உடனே மற்ற ஊர்க்காரர்கள், மாதாவை லிசார்தோ வீடே விழுங்கிவிட்டால் எங்கள் ஊரில் விசுவாசம் எப்படி வளரும் என்று சண்டைக்கு வந்தார்கள். அது நியாயம்தான். சாமி நோட்டைக் கேட்டு வாங்கினார்.

"இந்தப் பட்டியல யார் எழுதினது?"

"நான்தான் சாமி."

"பூட்டிக் கிடக்கிற வீட்டையுமா எழுதுவாங்க?"

"வரிசைப்படி எழுதினேன் சாமி."

அவர் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார். "கையெழுத்து ரொம்ப நல்லாருக்கு, இமெல்டா," என்றார். பிறகு, "தொமிதிலாவுக்கு எழுதி சம்மதம் கேளு. எழுதறப்ப உண்மையா எழுது," என்றார். அவருக்கு என் மேல் கோபம் இல்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் கஞ்சி இரண்டு குவளை குடித்தார்.

அதே திருநாளில் ஆயர் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு நெற்றியில் எண்ணெய் பூசி உறுதிப்பூசுதல் கொடுக்கிறார். அப்போது என் தோளில் கை வைத்து நிற்க ஞானத்தாய் இல்லையே என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம். ரொசவ்ரா அம்மாள் உங்களுக்குப் பதிலாக நிற்பதாகச் சொல்லிவிட்டார். எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தில் வறுத்த கினிப்பன்றி ஒன்றும் வைத்திருக்கிறோம். அன்று ரொசவ்ரா அம்மாளின் பாவாடைக்குள் போனது இதுதான். அப்பா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். "வேற என்னப்பா எழுதட்டும்?" என்றேன். பொட்டலத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, "அவ்வளவுதான்," என்றார். செகுந்தோ மாமாவும், முப்பத்தொரு கையெழுத்துக்காரர்களும், ஒன்பது ரேகைக்காரர்களும் தங்கள் அன்பைத் தெரிவிக்கிறார்கள். அங்கிருந்தபடியே என் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர் அனுப்புங்கள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஞானமகள்,
இமெல்டா
(செயலாளர், மாதா சபை)

பி.கு.: சம்மதப் பத்திரத்தைப் பொட்டலத்தில் தேட வேண்டாம். ரொசவ்ரா அம்மாள் பார்க்கும்போது உறைக்குள் வைத்தேன், அவர் போனதும் எடுத்து அகராதிக்குள் வைத்துவிட்டேன். வரிசைப்படி எழுதினேன் என்றதும் பொய். கோயிலிலிருந்து வந்தால் செகுந்தோ மாமா வீடு, அடுத்து உங்கள் வீடு, அதற்கப்புறம்தான் எங்கள் வீடு. அப்படி எழுதியிருந்தால் மாதா செகுந்தோ மாமா வீட்டில் நின்றிருப்பாள். அதனால் உங்களையும் எங்களையும் இடம் மாற்றினேன். இதை ஆயர் வருவதற்குள் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுவேன். ரொசவ்ரா அம்மாள் கை எப்போதும் மாவாக இருக்கும், தோளில் வைத்தால் அன்றைக்குப் போடும் என் வெள்ளை உடுப்பில் ஒட்டும். மாதா ஐந்து ஊருக்கும் போகத்தான் வேண்டும், எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் எழுதிய விதியில் இரண்டு வழி இருக்கிறது பெரியம்மா. எல்லோரும் இரண்டாவது வழியைத்தான் பேசுகிறார்கள், முதல் வழியை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்காரி தானே வந்து தன் கையால் தூக்கிப்போகலாம். பெட்டி கனமே இல்லை. உங்கள் பூட்டு ஒரே திருகில் திறக்கிறது, நேற்றுகூடத் திறந்து பார்த்தேன்.